குழாயில் தயங்கும் இரத்தம், உடலில் உறைவது ஏன்?

விரலில் கத்தி பட்டால் இரத்தம் கசிகிறது. சில நிமிடங்களில் உறைந்து நின்றுவிடுகிறது. உறையாவிட்டால் ஆபத்து என்பதை நீங்கள் அறிவீர்கள். காயம் ஏதுமின்றி, இரத்தக் குழாய்க்குள்ளேயே இரத்தம் உறைந்தாலும் ஆபத்துதான். கால் சிரையில் உறைந்தால் கால் வீங்கி வலிக்கும். அந்தக் கட்டி பெயர்ந்து சென்று நுரையீரல் குழாயை அடைத்தால் உயிருக்கே கேடு. மூளைத் தமனியில் உறைந்தால், இளைஞருக்கும் பக்கவாதம் வரலாம்.

இவ்வாறு இரத்தத்தை உறையவைக்கும் நோய்களுள் ஒன்று ஆன்டிபாஸ்போலிப்பிடு நோய்த்தொகுதி. லண்டன் மருத்துவர் கிரகாம் ஹியூஸ் 1983இல் இதனை விவரித்தார். இந்நோயில் ஒரு விந்தை உண்டு. நோயாளியின் இரத்தத்தைச் சோதனைக் குழாயில் இட்டால், அது பெரும்பாலும் வழக்கத்தைவிடத் தாமதமாகவே உறைகிறது! இந்தப் புதிரை விடுவிப்போமா?

உறைதல் நடைபெறும் விதம்

செங்கற்களை வரிசையாக நிறுத்தி முதற்கல்லைத் தள்ளினால், ஒன்று மற்றொன்றைச் சாய்த்துக்கொண்டே போகும் அல்லவா? இரத்தத்திலுள்ள உறைதல் காரணிகள் என்னும் புரதங்களும் அவ்வாறே ஒன்றையொன்று தூண்டுகின்றன. முடிவில் திராம்பின் உண்டாகிறது. அது ஃபைப்ரினோஜெனை ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. இழைகள் வலைபோல் பின்னி இரத்த அணுக்களைப் பிடித்துக்கொள்கின்றன. இவ்வினைகளுட் சில விரைந்து நடக்க ஒரு மேடை வேண்டும். செல் சவ்வுகளில் உள்ள பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்புப் பொருளே அம்மேடை.

நண்பனைத் தாக்கும் படை

கிருமிகளை எதிர்க்க நம் உடல் எதிர்ப்பொருள்களை ஆக்குகிறது. இந்நோயில் அவை உடலின் சொந்தப் பொருளையே தாக்குகின்றன. பாஸ்போலிப்பிடைத்தான் தாக்குகின்றன என்று முதலில் எண்ணினர். அதன் மீது ஒட்டிக்கொள்ளும் பீட்டா-2 கிளைக்கோபுரதம்-1 என்ற புரதமே முக்கிய இலக்கு என்பது 1990ஐ ஒட்டி வெளிவந்த ஆய்வுகளால் புலனாயிற்று.

சோதனைக் குழாயில் இருப்பது அணுக்கள் நீக்கப்பட்ட பிளாஸ்மா. அங்கே எதிர்ப்பொருளும் அப்புரதமும் சேர்ந்து பாஸ்போலிப்பிடு மேடையை அடைத்துக்கொள்கின்றன. காரணிகளுக்கு இடம் போதவில்லை, உறைதல் தாமதமாகிறது.

உடலிலோ உயிருள்ள செல்கள் உள்ளன. எதிர்ப்பொருள்கள் இரத்தக் குழாயின் உட்சுவரையும், தட்டணுக்களையும், சில வெள்ளணுக்களையும் கிளர்ச்சியுறச் செய்கின்றன. உறைதலைத் தடுத்துவந்த உட்சுவர் அதனைத் தூண்டத் தொடங்குகிறது. எதிர்ப்பொருள் உள்ள எல்லோருக்கும் இரத்தம் உறைந்துவிடுவதில்லை. அறுவை, தொற்றுநோய், நீண்ட படுக்கை, புகைபிடித்தல் போன்றவை சேரும்போது ஆபத்து மிகுகிறது. கருவுற்ற பெண்ணின் நஞ்சுக்கொடி பழுதுற்றுக் கரு இறக்கவும் கூடும்.

விரியன் நஞ்சின் சாட்சியம்

நோயை உறுதி செய்ய உதவும் ஒரு சோதனையில் கண்ணாடி விரியனின் நஞ்சு பயன்படுகிறது! இந்தியப் பாம்புகளைப் பற்றி 1796இல் நூல் வெளியிட்ட பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவரின் பெயரால் இது ரஸ்ஸல் விரியன் எனவும் வழங்குகிறது. இதன் நஞ்சு, உறைதல் காரணி 10ஐ நேராகத் தூண்டிவிடும்.

முதற்படி: பிளாஸ்மாவுடன் நீர்த்த நஞ்சு, கால்சியம், சிறிதளவு பாஸ்போலிப்பிடு சேர்த்து உறையும் நேரத்தை அளக்கின்றனர். நேரம் நீண்டால் ஐயம் எழுகிறது.

இரண்டாம் படி: நலமுள்ளவரின் பிளாஸ்மாவைச் சம அளவு கலக்கின்றனர். காரணி ஏதேனும் குறைந்திருந்தால் அது இப்போது நிரம்பி, நேரம் சரியாகிவிடும். சரியாகாவிட்டால், உள்ளே ஒரு தடைப்பொருள் இருக்கிறது என்று பொருள்.

மூன்றாம் படி: பாஸ்போலிப்பிடை மிகுதியாகச் சேர்க்கின்றனர். மேடை பெரிதானதும் நேரம் குறைந்தால், தடைப்பொருள் இன்னதென்று தெளிவாகிறது.

இத்துடன் கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரதம்-1 ஆகியவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்களையும் அளப்பர். தொற்றுநோய்க்குப் பின் இவை தற்காலிகமாகத் தோன்றி மறைவதுண்டு. ஆகவே குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் சோதிப்பர். சோதனை முடிவு மட்டும் நோயாகாது. இரத்தம் உறைந்த நிகழ்ச்சியோ கருச்சிதைவு போன்ற கேடோ நேர்ந்திருக்க வேண்டும்.

குழாயில் கண்ட எண்ணை மட்டும் நம்பி, 'இவருக்கு இரத்தம் உறையாது' என்று முடிவு செய்தால், அவருக்குத் தேவையான உறைவுத் தடுப்பு மருந்தே மறுக்கப்படும். இரத்தம் உறைந்தவர்களுக்கு வார்ஃபரின் போன்ற மருந்தை நெடுநாள் தருகின்றனர். வார்ஃபரின் கருவுக்குத் தீங்கு செய்யும். எனவே கருவுற்றோருக்கு ஹெப்பாரின் ஊசியும் சிறிதளவு ஆஸ்பிரினும் தருவர். மீண்டும் மீண்டும் கருவை இழந்து, ஊராரின் பழிச்சொல்லையும் சுமந்த பெண்கள் பலர் இச்சிகிச்சையால் குழந்தை பெற்றுள்ளனர்.

சிந்திக்க ஒரு வினா: இச்சோதனைக்கு முன் பிளாஸ்மாவிலிருந்து தட்டணுக்களை நன்கு நீக்கிவிட வேண்டும். ஏன்? தட்டணுக்களின் சவ்வு எதனால் ஆனது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு மூன்றாம் படியை மீண்டும் ஒருமுறை படியுங்கள். விடை கிடைத்துவிடும்.