தாயாரின் வைத்தியச் செலவும் அமெரிக்கக் காப்பீடும்

ஊரில் தனித்திருக்கும் தாயாரையோ தந்தையாரையோ கிரீன் கார்டில் அமெரிக்காவுக்கு அழைத்துவர நினைக்கும் பிள்ளைகள், விமானப் பிரயாணத்துக்கும் குளிர்கால உடுப்புகளுக்கும் செய்யும் ஏற்பாட்டைக் காட்டிலும் அதிகச் சிரத்தையுடன் செய்யவேண்டியது அவர்களுடைய வைத்தியச் செலவுக்கான ஏற்பாடே என்று, டெக்ஸாஸில் என் தாயாருக்காகக் காப்பீடு தேடிய அனுபவத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்லுவேன்.

என் உத்தியோகத்தின் வழியே எனக்கும் மனைவி மக்களுக்கும் கிடைத்த காப்பீட்டில் பெற்றோருக்கு இடமில்லை. அநேக நிறுவனங்களில் இதுவே வழக்கம். 65 வயது நிரம்பியவர்களுக்கு அரசாங்கம் நடத்தும் மெடிக்கேரில், குடியுரிமை இல்லாதவர்கள் நிரந்தரவாசியாகி ஐந்து ஆண்டுகள் இந்நாட்டில் தொடர்ந்து வசித்த பிறகே சேரமுடியும். வறியவர்களுக்கான மெடிக்கெய்டும் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புதிதாகக் குடியேறியவர்களில் பெரும்பாலோருக்கு ஐந்தாண்டுக் காலம் விலக்கப்பட்டது. பிரயாணிகளுக்கென விற்கப்படும் காப்பீடோ, ஏற்கெனவே உள்ள நீரிழிவையும் ரத்த அழுத்தத்தையும் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவதால், முதியவர்களுக்கு எதன்பொருட்டுக் காப்பீடு அவசியமோ அதற்கே பயன்படுவதில்லை.

எஞ்சியிருப்பது, 2010-இல் ஒபாமா கையொப்பமிட்ட சட்டத்தால் பிறந்து 2014 முதல் அமலில் இருக்கும் மார்க்கெட்பிளேஸ் காப்பீடு. பழைய வியாதியைக் காரணம் காட்டி ஒருவரை மறுக்கவோ, அதற்காகச் சந்தாவை உயர்த்தவோ கூடாது என்றும், முதியவரின் சந்தா 21 வயது இளைஞருடையதைப்போல் மூன்று மடங்குக்கு மேற்படலாகாது என்றும் அந்தச் சட்டம் விதித்திருப்பது, அறுபதைக் கடந்த பெற்றோரை உடையவர்களுக்குப் பேருபகாரம். நியூயார்க், வெர்மாண்ட் மாநிலங்களில் வயது வித்தியாசமே பாராட்டுவதில்லை. குடியேறி வந்தவர் 60 நாட்களுக்குள் சேர்ந்துவிட வேண்டும். தவறினால் நவம்பர் முதல் தேதி தொடங்கும் பொதுச் சேர்க்கைக் காலம்வரை காத்திருக்க நேரும். இந்நாட்டில் கடன் வாங்கிய சரித்திரமே இல்லாத முதியவரைக் கணினி எளிதில் அடையாளம் காணாது; ஆகையால் பாஸ்போர்ட், கிரீன் கார்டு இவற்றின் நகல்களை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருப்பது காலவிரயத்தைத் தவிர்க்கும்.

விண்ணப்பத்தில் மிகுந்த யோசனையோடு பதில் எழுதவேண்டிய கேள்வி, வருமான வரிக் கணக்கில் தாயாரை உங்களைச் சார்ந்தவராகக் காட்டப்போகிறீர்களா என்பது. காட்டினால், சந்தாவுக்கான வரிச் சலுகை உங்கள் குடும்ப வருமானத்தையும், அவரையும் சேர்த்த நபர் எண்ணிக்கையையும் கொண்டு கணிக்கப்படும். நல்ல சம்பளம் வாங்குகிறவருக்குச் சலுகை ஒன்றுமே கிட்டாமலும் போகலாம். காட்டாவிட்டால் தாயார் தனிக் குடும்பமாகக் கருதப்பட்டுத் தாமே வரிக் கணக்குத் தாக்கல் செய்யவேண்டும். இந்தியாவில் வரும் பென்ஷனும் வீட்டு வாடகையும் அதில் அடங்கும். வறுமைக்கோட்டுக்குக் கீழ்ப்பட்ட வருமானமுள்ள புதுக் குடியேறிகளுக்கும் கிடைத்துவந்த சலுகை, 2025-இல் இயற்றப்பட்ட சட்டத்தினால் 2026 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. முதியவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியென்றே நான் இதைக் கருதுகிறேன். எவ்வழியாயினும் வரி விஷயம் அறிந்த ஒருவரைக் கலந்துகொண்டு தீர்மானிப்பதே விவேகம்.

திட்டத்தைத் தேர்ந்தெடுக்கையில், பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு என்னும் பெயர்களையும் மாதச் சந்தாவின் அளவையும் மட்டும் பார்த்து மயங்காமல், தாயார் நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அவை ஒவ்வொன்றும் அத்திட்டத்தின் மருந்துப் பட்டியலில் உள்ளனவா, வீட்டுக்கு அருகேயுள்ள வைத்தியர் அதன் வலையமைப்புக்குள் இருக்கிறாரா, காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்குமுன் நாம் கைப்பணமாகச் செலுத்தவேண்டிய டிடக்டிபிள் எவ்வளவு என்பவற்றைப் பார்க்கவேண்டும். இடையறாத சிகிச்சை வேண்டியவருக்குச் சந்தா சற்று மிகுந்து டிடக்டிபிள் குறைந்த திட்டமே நன்று என்பது என் அபிப்பிராயம். இதற்குக் கணக்கைக் கடந்த காரணமும் உண்டு. வைத்தியரைக் காணப்போகும் ஒவ்வொரு முறையும் பிள்ளையின் பணம் கரைகிறது என்றறிந்த தாய், "வயசானா இதெல்லாம் வர்றதுதான்ப்பா, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சொல்லி நெஞ்சுவலியைக்கூட மறைத்துவிடுவாள். போகிற செலவுக்கு முன்பே சந்தா கட்டியாகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான், என் தாயார் முழங்கால் வலியைப்பற்றித் தாமாகவே வாய்திறந்து பேசினார்.

தாயார் நிரந்தரவாசியாகி ஐந்தாண்டு நிறையும் மாதத்தை இப்பொழுதே குறித்துவையுங்கள். அம்மாதமும், அதற்கு முன் மூன்றும் பின் மூன்றுமாக ஏழு மாதங்களே மெடிக்கேரில் முதன்முறை சேர்வதற்கான காலம். இந்நாட்டில் தாமோ கணவரோ பத்தாண்டு உழைத்து அதற்குரிய வரி செலுத்தியிராதவர் மருத்துவமனைச் செலவுக்கான ஏ பகுதிக்கும் மாதச் சந்தா கட்டவேண்டும். அது இயலாவிடில் மார்க்கெட்பிளேஸ் காப்பீட்டிலேயே நீடிக்கலாம். ஆனால் வைத்தியர் கட்டணத்துக்கான பி பகுதியில் தாமதித்துச் சேர்பவருக்கு, தாமதித்த ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் சந்தாவில் பத்து சதவிகிதம் கூடும். அந்த அபராதம் அப்பகுதியில் இருக்கும்வரை நீங்காது.