தோற்றது பெட்டியா, சரக்கா?

கேள்வி: நிண்டெண்டோவின் வீடியோ கேம் கருவியான ‘வீ யூ’ படுதோல்விதானா?

பதில்: விற்பனைக் கணக்கில் சந்தேகமே வேண்டாம், தோல்விதான். முந்தைய ‘வீ’ 10 கோடிக்கு மேல் விற்றது. 2012இல் வந்த ‘வீ யூ’ சுமார் 1.36 கோடியோடு நின்றுவிட்டது. இது புதுக் கருவியா, பழைய ‘வீ’க்கான துணைக் கருவியா என்றே பலருக்கும் புரியவில்லை. ஆனால், அதன் விளையாட்டுகள் சோடை போகவில்லை. ‘மாரியோ கார்ட் 8’ அதில் சுமார் 85 லட்சம் விற்றது. மெருகேறி 2017இல் அடுத்த கருவியான ‘ஸ்விட்ச்’சுக்கு வந்தபின் 6 கோடியைத் தாண்டியது. ‘வீ யூ’ தொடங்கிவைத்த, திரையைக் கையில் ஏந்தி ஆடும் யோசனையும் ‘ஸ்விட்ச்’சில்தான் முழுமை பெற்றது. ‘பின்னால் வந்த லாபம் முன்னால் வந்த நஷ்டத்தை அழித்துவிடுமா?’ என்று கேட்கலாம். அழிக்காது. விளையாட்டு தயாரிக்கும் வெளி நிறுவனங்கள் பல ‘வீ யூ’வைக் கைவிட்டதும், 2017 தொடக்கத்தில் உற்பத்தி நின்றதும் உண்மை. ஆகவே வியாபாரம் படுத்தது என்று தாராளமாகச் சொல்லுங்கள். சரக்கு மட்டம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.