கடை வாசலும் நம் கடமையும்



பினாங்கு நகரத்துத் தமிழ் முஸ்லிம் வணிகர்களைப்பற்றி யார் எந்தக் குறை சொன்னாலும், கொடுப்பதில் குறை சொல்ல மாட்டார்கள். வெள்ளிக்கிழமையன்று கடை வாசலில் வந்து நிற்பவரை வெறுங்கையுடன் அனுப்பும் வழக்கம் நம்மிடத்தில் இல்லை. ஆனால், கொடுக்கும் கை மட்டும் இருந்தால் போதுமா என்பதை இந்தப் பாடத்தில் சிறிது ஆராய்வோம்.

சூலியா தெருவை அடுத்த ஒரு துணிக்கடை முன் நாம் ஒரு மாலை கண்ட காட்சி இது. சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் வந்து, சாலையோரத்திலேயே நின்றுவிட்டார். அஞ்சடிக்கு ஏற இரண்டு படிகள். படிக்கு மேலே துணிக்கட்டுகள் அடுக்கியிருந்தன. அவர் கையை உயர்த்திக் கடைப்பையனை அழைத்தார். பையன் ஓடி வந்தான், நல்ல பிள்ளை, கல்லாவிலிருந்து ஒரு வெள்ளியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தான். பெரியவர் அதைத் திருப்பிக் கொடுத்து, “தம்பி, எனக்குக் கைலி வேண்டும், இரண்டு எடுத்துக் காட்டுங்கள்” என்றார்.

பையன் செய்தது தீங்கு அல்ல. ஆனால், வாங்க வந்தவரை அவன் இரக்க வந்தவராக எண்ணிவிட்டான். ஒரு மனிதரின் மனத்தை இதைவிடப் புண்படுத்துவது வேறு என்ன இருக்கிறது? அந்தத் தவறு பையனுடையது மட்டுமன்று. அந்த இரண்டு படிகளை ஒருநாளும் நினைத்துப் பாராத நம் அனைவருடையதுமாகும்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

மலேசிய நாட்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் (சட்டம் 685) 2008-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில்தான் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நகரமாக யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது. ஒன்றை நாம் ஆண்டுதோறும் விழா எடுத்துக் கொண்டாடுகிறோம்; மற்றதை அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

இச்சட்டம் குறையை மனிதரின் உடலில் மட்டும் காணவில்லை. நீண்டகாலக் குறை ஒன்று, வெளியிலுள்ள தடைகளோடு மோதும்போதுதான் அவர் சமுதாயத்தில் முழுமையாகப் பங்கு பெற முடியாமல் போகிறது என்று அதன் விளக்கம் அமைந்திருக்கிறது. கால் நடவாதது அவருடைய சோதனை. படி நாம் கட்டியது.

26-ஆம் பிரிவின்படி, பொதுமக்களுக்காகத் திறந்துள்ள கட்டடங்களையும் வசதிகளையும் சேவைகளையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த மாற்றுத்திறனாளிகளுக்கு உரிமை உண்டு. கடையும் உணவகமும் பொதுமக்களுக்காகத் திறந்திருக்கும் இடங்களே. 29-ஆம் பிரிவு வேலை பற்றியது. சமமான வாய்ப்பு, சமமதிப்புள்ள வேலைக்குச் சமமான ஊதியம், நியாயமான வேலைச் சூழல் ஆகியவற்றை முதலாளிகள் தரவேண்டும் என்று அது விதிக்கிறது. 2010-ல் மலேசியா இதே பொருள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் ஏற்று உறுதி செய்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2008-ல் இயற்றப்பட்டபோது, இவ்வுரிமைகளை மறுப்பவருக்கு இச்சட்டத்தில் தண்டனை எதுவும் வைக்கப்படவில்லை. “அப்படியானால் நமக்கென்ன?” என்று கேட்போர் உண்டு. அபராதத்துக்கு அஞ்சி எடையைச் சரியாக நிறுப்பவனுக்கும், அல்லாஹ்வுக்கு அஞ்சி நிறுப்பவனுக்கும் உள்ள வேறுபாட்டை நம் வணிகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

மேலும், எல்லாச் சட்டங்களும் அவ்வாறு இல்லை. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல், வேலையில் பாகுபாடு பற்றிய தகராறுகளைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம் என்று 69எஃப் பிரிவு சேர்க்கப்பட்டது. அவ்வுத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. விபத்தில் கால் இழந்த சிப்பந்தியின் சம்பளத்தைக் குறைக்க நினைப்பவர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

அஞ்சடி யாருடையது?

காக்கி லீமா என்னும் அஞ்சடி, 1822-ல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்காக வகுத்த நகரத் திட்டத்தில் விதியாக இடம்பெற்றது. பின்னர் நம் ஊர்க் கடைவீடுகளுக்கும் அதே அமைப்பு வந்தது. வெயிலிலும் மழையிலும் பொதுமக்கள் நடப்பதற்காகவே அது ஏற்பட்டது. நாமோ அதில் மூட்டையை அடுக்குகிறோம், மேசையைப் போடுகிறோம், மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறோம். வெள்ளைக் கோல் பிடித்து வருபவர் என்ன செய்வார்? ஓடும் வண்டிகளுக்கிடையே சாலையில் இறங்குவார். அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் அந்தப் பொறுப்பில் நம் மூட்டைக்கும் பங்கு உண்டு. 1974-ஆம் ஆண்டு தெரு, வடிகால், கட்டடச் சட்டமும் பொதுவழியை அடைப்பதைக் குற்றமாகவே கருதுகிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, அஞ்சடியில் ஒரு சக்கர நாற்காலி தாராளமாகச் செல்லும் அளவுக்கு, ஏறக்குறைய மூன்றடி வழியை எப்போதும் விட்டு வைப்போம். இதற்குக் காசு செலவில்லை.

இரண்டாவது, படியுள்ள கடைகளில் எடுத்து வைக்கும் சாய்பலகை ஒன்று வைத்துக்கொள்வோம். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறடிப் பலகை வேண்டும். நீளம் குறைந்தால் நாற்காலி பின்னோக்கிச் சாயும். மரபுரிமைப் பகுதியில் கல்லைப் பெயர்க்கவோ நிலையாகக் கட்டவோ நினைப்பவர், முதலில் மாநகர் மன்றத்தின் அனுமதியைப் பெறவேண்டும்.

மூன்றாவது, பேச்சிலும் திருத்தம் வேண்டும். உடன் வந்தவரைப் பார்த்து, “இவருக்கு என்ன வேண்டும்?” என்று கேளாமல், வந்தவரையே பார்த்துக் கேட்கவேண்டும். காது கேளாதவருக்கு விலையை எழுதிக் காட்டலாம். பார்வையற்றவருக்குச் சில்லறையை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கையில் வைக்கலாம். “நொண்டி”, “குருடன்” என்னும் சொற்களை நம் கடைகளிலிருந்து அகற்றிவிடவேண்டும்.

நான்காவது, வேலை கொடுப்போம். தஞ்சோங் பூங்காவில் 1954-ல் காது கேளாதோருக்கான பள்ளி தொடங்கியது. 1926-ல் மலாக்காவில் தோன்றிய செயின்ட் நிக்கோலஸ் பார்வையற்றோர் இல்லம் பின்னர் பினாங்குக்கே வந்து சேர்ந்தது. இப்படிக் கற்பிக்கும் இடங்கள் இருந்த ஊர் நம்முடையது; கற்றவர்களுக்குக் கதவு திறக்கும் கடைகள் எத்தனை? இன்ன குறை உடையவருக்கு இன்ன வேலை முடியாது என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடாமல், அவரையே கேட்போம். ஒரு மாதம் பார்ப்போம். மாற்றுத்திறனாளிக்குக் கொடுக்கும் ஊதியத்துக்கு வருமான வரியில் இரட்டிப்புக் கழிவும், அவருக்குத் தேவையான கருவிகளின் செலவுக்குக் கழிவும் உண்டு. கணக்கரிடம் விவரம் கேட்டுக்கொள்ளலாம்.

நமக்கு முன்மாதிரி

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர். அவர்கள் வந்து கேட்ட நிகழ்ச்சியை ஒட்டித் திருக்குர்ஆனின் 80-ஆம் அத்தியாயம் தொடங்குவதை நாம் அறிவோம். அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் இரக்கத்தை மட்டும் காட்டவில்லை, பொறுப்பையும் கொடுத்தார்கள். பிலால் (ரலி) அவர்களோடு மதீனாவில் பாங்கு சொல்லும் பணி அவர்களுடையது. நாயகம் அவர்கள் வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவின் பொறுப்பும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டதுண்டு.

தர்மம் நம் விருப்பத்தால் கொடுப்பது. உரிமை அவருக்குச் சேரவேண்டிய கடன். கடனைத் தர்மமாக எழுதிக் கணக்கை நேர் செய்ய எந்த நல்ல வணிகனும் துணியமாட்டான்.

அந்தப் பெரியவர் கைலியை வாங்கிக்கொண்டுதான் போனார். ஆனால் சாலையில் இருந்தபடியே, வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வாங்கினார். அடுத்த முறை அவர் உள்ளே வந்து, மற்றவர்களைப்போல நான்கு கைலிகளைப் பிரித்துப் பார்த்து, விலை பேசி, பிடிக்கவில்லையென்றால் வாங்காமலும் போகட்டும். அதுதான் வாடிக்கையாளரின் உரிமை. நாளைக் காலை கடை திறக்கும்போது, உள்ளே போகுமுன் ஒரு நிமிடம் வாசலில் நின்று, அந்தப் படியை அவருடைய கண்ணால் பார்ப்போமாக.