கண்ணறிந்து தூண்டில் போடுக

வட அமெரிக்க ஏரிகளில் வாழும் 'வால்ஐ' மீனை நான் பிடித்ததில்லை. விலங்கியல் மாணவன் என்ற முறையில் அதன் கண்ணைப் பற்றிப் படித்திருக்கிறேன். தூண்டிற்காரனுக்கு வேண்டிய பாடம் அக்கண்ணிலேயே இருக்கிறது.

அதன் விழித்திரையில் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. எனவே மங்கிய ஒளியிலும் அதற்குப் பார்வை தெளிவு. அதன் இரையாகிய மஞ்சள் பெர்ச் மீனுக்கு அப்படலம் இல்லை. ஆகவே அந்தியும் விடியலுமே அதன் வேட்டை நேரம். வெயில் ஏறினால் ஆழத்தையோ நிழலையோ நாடும்; காற்றடித்து அலை எழும் நாளில் பகலிலும் அகப்படும்.

ஈயத்தலைத் தூண்டிலில் சிறுமீனையோ அட்டையையோ கோத்து, ஏரியின் அடிவரை இறக்குக. சற்றே தூக்கி விழவிடுக. விழும்போதுதான் பெரும்பாலும் கவ்வும். நூல் தொய்ந்திருந்தால் கைக்குத் தெரியாது. வாயில் விரலிடாதீர், பற்கள் கூரியவை.

இதை அறியாதவன் நண்பகலெல்லாம் காத்திருந்து, மீனே இல்லையென்று ஏரியைப் பழிப்பான்.