நாற்காலிக்கு வந்துவிட்ட இளமை

 



நான் இந்தப் பள்ளிக்கு இமாமாக வந்த புதிதில் ஸஃப்பின் ஓரத்தில் நான்கு நாற்காலிகள் இருந்தன. எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்கள் அவற்றில் அமர்ந்து தொழுவார்கள். இன்று பதினான்கு நாற்காலிகள் இருக்கின்றன. ஜும்ஆ நாளில் அதுவும் போதவில்லை. அவற்றில் அமர்பவர்களில் சிலருக்கு நிக்காஹ் ஓதி வைத்தவனே நான்தான். அவர்களுக்கு இன்னும் தாடி நரைக்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் இஷாவுக்குப் பிறகு ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்தார். முப்பது வயது இருக்காது. “ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும். ஸஜ்தா செய்துவிட்டு எழுந்தால் முட்டி வலி உயிர் போகிறது. எடை நூற்றுப் பதினைந்து. நாற்காலியில் உட்கார்ந்து தொழுதால் கூடுமா?” என்றார். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

சலுகை உண்டு, சந்தேகமே வேண்டாம்

இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூல நோய் இருந்தது. தாம் எப்படித் தொழுவது என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நின்று தொழ வேண்டும், அதற்கு இயலாவிட்டால் உட்கார்ந்து, அதற்கும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழ வேண்டும் என்று பெருமானார் வழிகாட்டினார்கள். இது புகாரியில் வரும் ஹதீஸ்.

எனவே இயலாதவருக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அந்தச் சலுகையைப் பயன்படுத்துபவரை ஏளனமாகப் பார்க்க எவருக்கும் உரிமை இல்லை. நிற்க முடிந்து ஸஜ்தா மட்டும் செய்ய முடியாதவர் என்ன செய்ய வேண்டும் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஆகவே நாற்காலியை இழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் நிலைமையை ஓர் ஆலிமிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். நின்று தொழ முடிந்தவர் சோம்பலினால் பர்ளான தொழுகையை உட்கார்ந்து தொழுதால் அந்தத் தொழுகையே நிறைவேறாது.

அந்தத் தம்பியிடம் இதைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டேன். “இன்று உங்களுக்குச் சலுகை இருக்கிறது. இதே சலுகையோடு இன்னும் நாற்பது வருடம் இருக்கப் போகிறீர்களா, அல்லது திரும்ப நிற்பதற்கு ஏதாவது செய்யப் போகிறீர்களா?”

சலுகை என்பது தங்கிச் செல்லும் இடம். நோயும் முதுமையும் யாரை அங்கே நிரந்தரமாக உட்கார வைத்ததோ அவர்களுக்கு அல்லாஹ் முழுக்கூலி தருவான். ஆனால் எழுந்து வர வழி உள்ள வாலிபர் அங்கேயே குடியேறிவிடுவது வேறு விஷயம்.

நம் மாநிலத்தின் நிலை

இது ஏதோ நம் மஹல்லாவில் மட்டும் நடப்பதல்ல. மத்திய அரசின் தேசியக் குடும்ப நல ஆய்வு 15 வயது முதல் 49 வயது வரை உள்ளவர்களை அளந்து பார்க்கிறது. 2015-16ல் தமிழ்நாட்டில் ஆண்களில் 28.2 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். 2019-21ல் அது 37 சதவீதம் ஆகிவிட்டது. பெண்களில் 30.9 சதவீதமாக இருந்தது 40.4 சதவீதமாக உயர்ந்துவிட்டது. நான்கைந்து வருடங்களுக்குள் இவ்வளவு ஏற்றம்!

2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். நம் மக்களுக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றித்தான் சேருகிறது. பார்வைக்குப் பெரிய பருமன் இல்லாதவருக்கும் அதனால் சர்க்கரை சீக்கிரம் வந்துவிடுகிறது. தொப்பையை வசதியின் அடையாளமாகப் பார்த்த காலம் முடிந்துவிட்டது, சகோதரர்களே!

அதே நபித்தோழர் அறிவித்த இன்னொரு ஹதீஸ்

சற்று முன் சொன்ன அதே இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் இன்னொரு ஹதீஸையும் அறிவிக்கிறார்கள். மக்களில் சிறந்தவர்கள் தம் தலைமுறையினர், பிறகு அவர்களை அடுத்து வருவோர் என்று சொல்லிக்கொண்டு வந்த நபி (ஸல்) அவர்கள், பின்னால் வரும் ஒரு கூட்டத்தின் குறைகளையும் எடுத்துச் சொன்னார்கள். நம்பிக்கைத் துரோகம் செய்வார்கள், நேர்ச்சையை நிறைவேற்ற மாட்டார்கள் என்ற வரிசையில், அவர்களிடம் பருமன் வெளிப்படும் என்பதையும் சேர்த்தார்கள். இதுவும் புகாரியில் உள்ளது.

இதற்கு விளக்கம் எழுதிய இமாம்கள் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொல்கிறார்கள். பிறவியிலேயே பருத்த உடல் அமைந்தவரை இது குறை சொல்லவில்லை. உண்பதையும் குடிப்பதையுமே வாழ்க்கையாக்கிக்கொண்டு தானாகத் தேடிக்கொள்ளும் பருமனையே இது கண்டிக்கிறது. தைராய்டு போன்ற நோயாலும், சில மருந்துகளாலும், பிரசவத்திற்குப் பிறகும் எடை கூடுவது உண்டு. பிறர் உடலைப் பார்த்து நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அப்துல்லாஹ் பின் மஸ்ஊத் (ரலி) அவர்களின் கால்கள் மெலிந்தவை. அதைப் பார்த்துச் சிலர் சிரித்தபோது, மறுமையின் தராசில் அந்தக் கால்கள் உஹத் மலையைவிடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மெலிந்தவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு என்ன சட்டமோ, பருத்தவரைப் பார்த்துச் சிரிப்பதற்கும் அதே சட்டம்தான். “குண்டு” என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறோமே, குர்ஆன் தடுத்த பட்டப்பெயர்களில் அதுவும் சேரும். ஆகவே இன்றைய பயானைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரின் வயிற்றைப் பார்க்காதீர்கள். உங்கள் வயிற்றைப் பாருங்கள். நான் என்னுடையதைப் பார்க்கிறேன்.

ஆம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வலீமா, புதுமனை, ஃபாத்திஹா என்று வாரம் மூன்று அழைப்பு வருகிறவன் இமாம். “ஹஜ்ரத், இன்னும் கொஞ்சம் வைங்க” என்ற அன்புக்கு மறுப்புச் சொல்லத் தெரியாமல் நானும் கெட்டுப்போனவன்தான். போன வருடம் இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த மருத்துவர் என்னிடம் நீண்ட பயான் செய்தார். அன்று முதல் கேட்பவனாக மாறினேன்.

உடல் ஓர் அமானத்

மறுமையில் ஓர் அடியானின் பாதங்கள் நகர்வதற்கு முன் அவனிடம் கேட்கப்படும் கேள்விகள் திர்மிதீயில் வருகின்றன. ஆயுளை எதில் கழித்தாய், கல்வியைக் கொண்டு என்ன செய்தாய், பொருளை எப்படிச் சம்பாதித்து எதில் செலவிட்டாய் என்பதோடு, உடலை எதில் தேய்த்தாய் என்பதும் ஒரு கேள்வி. சம்பாத்தியத்தில் ஹலால் ஹராம் பார்க்கிறோம். உடலுக்கும் கணக்கு இருக்கிறது என்பதை மறந்துவிட்டோம்.

பகல் முழுக்க நோன்பும் இரவு முழுக்க வணக்கமுமாக இருந்த அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். வணக்கத்தினால்கூட உடலின் உரிமை பறிபோகக் கூடாது என்றால், நள்ளிரவு பரோட்டாவினால் பறிபோகலாமா?

“தொழுகை ஒரு நல்ல உடற்பயிற்சி” என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தொழுகை இபாதத். அதன் நோக்கம் உடற்பயிற்சி அல்ல. ஒரு நாளின் பர்ளுகளில் மட்டும் பதினேழு ரக்அத், முப்பத்து நான்கு ஸஜ்தா. இவற்றை நிறைவாகச் செய்யத்தான் உடல் தேவை. உம்ராவில் ஸஃபா மர்வாவுக்கிடையே ஏழு முறை நடந்தால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. இருபத்தைந்து வயதில் அதற்கு மூச்சு வாங்கினால், ஐம்பதில் எப்படி ஹஜ் செய்வோம்? பலமுள்ள முஃமின் பலவீனமான முஃமினைவிட அல்லாஹ்வுக்கு விருப்பமானவர், இருவரிடமும் நன்மை உண்டு என்ற நபிமொழியின் இரண்டு பகுதிகளையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

எங்கே தவறினோம்?

முதலாவது, சாப்பாடு. வயிற்றைவிடக் கெட்ட பாத்திரம் எதையும் மனிதன் நிரப்புவதில்லை, முதுகை நிமிர்த்த சில கவளங்கள் போதும், அதற்கு மேல் வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பாகம் உணவு, ஒரு பாகம் நீர், ஒரு பாகம் மூச்சு என்ற கருத்தில் நபிமொழி திர்மிதீயில் உள்ளது. நாம் மூன்று பாகத்தையும் பிரியாணிக்கே கொடுத்துவிட்டு, மூச்சுக்கு இடமில்லாமல் குளிர்பானம் குடிக்கிறோம். 300 மில்லி குளிர்பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. ரமளானில் பகலெல்லாம் பட்டினி கிடந்து, இஃப்தாரில் வடை, சமோசா, தராவீஹுக்குப் பிறகு கடைவீதியில் இன்னொரு விருந்து என்று போய், பெருநாளன்று எடை கூடி நிற்கிறோம். நோன்பு எதைக் கற்றுத்தர வந்ததோ அதைக் கடைவீதியில் விட்டுவிட்டோம்.

இரண்டாவது, நடை போய்விட்டது. பனூ ஸலிமா கூட்டத்தாரின் வீடுகள் மஸ்ஜிதுந் நபவிக்குத் தூரத்தில் இருந்தன. பள்ளிக்குப் பக்கத்தில் குடிவர விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்களோ, அங்கேயே இருங்கள், உங்கள் காலடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்று சொல்லிவிட்டார்கள். நம் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற தம்பி பைக்கில் வருகிறார். பைக் நிறுத்த இடம் தேடும் நேரத்தில் நடந்தே வந்திருக்கலாம். காலடிக்குக் கூலி தர அல்லாஹ் காத்திருக்கிறான். நாம் பெட்ரோலுக்குக் காசு கொடுத்து அதைத் தவிர்க்கிறோம்.

மூன்றாவது, வீட்டுப் பெண்களை மறந்துவிட்டோம். ஆண்களுக்காவது மைதானம் இருக்கிறது. நம் பெண் பிள்ளைகள் பள்ளிப் படிப்பு முடிந்ததும் நான்கு சுவருக்குள் அடங்கிவிடுகிறார்கள். ஒரு பயணத்தில், மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு நபி (ஸல்) அவர்கள் தம் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். ஆயிஷா (ரலி) வென்றார்கள். பின்னொரு காலத்தில் அன்னைக்கு உடல் சற்றுப் பூசியிருந்தபோது மறுபடியும் ஓடினார்கள். இம்முறை வென்ற பெருமானார், அதற்கு இது சரியாகிவிட்டது என்று சிரித்தார்கள். அபூதாவூதில் உள்ள இந்தச் செய்தியைக் கவனியுங்கள். மனைவியின் உடலைக் குறை சொல்லவில்லை. கூட ஓடினார்கள். அப்போது பெருமானாரின் வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது! மனைவி குண்டாகிவிட்டார் என்று நண்பர்களிடம் பேசும் கணவர், என்றைக்காவது அவரோடு மொட்டை மாடியில் பத்துச் சுற்று நடந்ததுண்டா?

இந்த வாரமே தொடங்குங்கள்

ஒரு நூலை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் கவனம் தேவை.

நடந்து வர முடிந்த தூரத்தில் இருப்பவர்கள் ஒரு நாளில் இரண்டு வக்தாவது நடந்தே பள்ளிக்கு வாருங்கள். ஃபஜ்ருக்குப் பிறகு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் வேகமாக நடந்தால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சமான 150 நிமிடம் கிடைத்துவிடும்.

தட்டில் சோற்றைப் பாதியாக்கிக் காய்கறியைக் கூட்டுங்கள். இஷாவுக்குப் பிறகு கடைச் சாப்பாட்டை நிறுத்துங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்காத ஆரோக்கியமானவர்கள் திங்கள், வியாழன் சுன்னத்தான நோன்பைப் பழகுங்கள். நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். ஒரே மாதத்தில் உடலை மாற்றுகிறேன் என்று யாரோ தரும் ஊசியையும் பவுடரையும் நம்பாதீர்கள். அமானத்தைக் காக்கப் போய் அழித்துவிடக் கூடாது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நாற்காலி வாங்கித் தருவது நல்ல அமல்தான். பிள்ளைகள் விளையாட ஒரு மைதானமும், பெண்கள் பாதுகாப்பாக நடக்க ஒரு நேரமும் இடமும் ஏற்படுத்தித் தருவதும் நல்ல அமல்தான்.

அந்தத் தம்பி நடக்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. பெரிதாக மெலிந்துவிடவில்லை. ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது என்றார். இஷாவில் இன்னும் சில நாட்கள் நாற்காலியில்தான் உட்காருகிறார். ஆனால் ஃபஜ்ரில் ஸஃப்பில் நிற்கிறார், நெற்றியைத் தரையில் வைக்கிறார். “ஹஜ்ரத், ஸஜ்தாவில் இவ்வளவு சுகம் இருந்ததை மறந்தே போயிருந்தேன்” என்று சொன்னார். எனக்கு வேறு எந்தக் கணக்கும் தேவைப்படவில்லை.

ஆரோக்கியமும் ஓய்வும் மனிதர்களில் பெரும்பாலோர் ஏமாந்துபோகும் இரு நிஃமத்துகள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். கையில் இருக்கும்போதே அவற்றின் அருமையை அறிந்தவர்களாக வாழ்வோம்.

யா அல்லாஹ்! நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! எங்கள் வாலிபர்களின் உடலிலும் உள்ளத்திலும் பலத்தைத் தருவாயாக! கடைசி மூச்சு வரை உனக்காக நிற்கவும், குனியவும், நெற்றியைத் தரையில் வைக்கவும் எங்கள் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வாயாக! ஆமீன். வல்ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.