பேச்சொலிப்பு வேறுபாடும் எழுத்துச்சொல் அறிதலும்: முன்தூண்டல் சோதனைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கேட்கும் சொல்லொன்று அடுத்துக் காணும் எழுத்துச்சொல்லை விரைந்து அறியத் துணைசெய்கிறதா என்பதை அளக்கும் முறை புலனிடை முன்தூண்டல் சோதனை எனப்படுகிறது. பேசுவோரின் ஒலிப்பு மாறும்போது இத்துணை குறைகிறதா, குறைந்தால் யாருக்குக் குறைகிறது என்னும் வினாக்களை டச்சு, ஆங்கிலம், காத்தலான், பிரெஞ்சு ஆகிய மொழிகளில் நிகழ்ந்த சோதனைகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. ஒலிப்பு வேறுபாடு தரும் இடர்ப்பாடு பேச்சின் குறைபாடன்று. அது கேட்போரின் பழக்கத்தோடு தொடர்புடையது என்பது இதன் கருதுகோளாகும். தமிழின் இரட்டை வழக்கு, ழகர ளகர மயக்கம் ஆகியவற்றை இம்முறையால் ஆராய்வதற்கான சோதனை வடிவமும் முன்மொழியப்படுகிறது.

திறவுச்சொற்கள்: முன்தூண்டல், வட்டார ஒலிப்பு, மன அகராதி, சொல் அறிதல், இரட்டை வழக்கு, ழகரம்.

முன்னுரை

எழுத்து ஊருக்கு ஊர் மாறுவதில்லை, ஒலிப்பு மாறுகிறது. ஒரே சொல்லைப் பலர் பலவாறு ஒலித்தபோதிலும் கேட்போர் பெரும்பாலும் அதனைப் புரிந்துகொள்கின்றனர். இப்புரிதல் எத்துணை விரைவில் நிகழ்கிறது, எவ்விடத்தில் தடைப்படுகிறது என்பவற்றைக் கேட்போரிடம் வினவி அறிய இயலாது. நொடியின் சிறு பகுதிக்குள் நிகழ்ந்து முடியும் செயலை அவர்களே உணர்ந்திருப்பதில்லை. ஆகவே உளமொழியியலார் மறைமுக அளவீடுகளை நாடினர். அவற்றுள் முதன்மையானது முன்தூண்டல் முறையாகும்.

முன்தூண்டல் முறை

1971இல் மேயர், ஷ்வானெவெல்ட் ஆகியோர் நிகழ்த்திய சோதனை இத்துறையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. எழுத்துக்கோவைகளை இணையாகக் காட்டி, அவை சொற்களா அல்லவா என்று பங்கேற்பாளர் பொத்தானை அழுத்தித் தெரிவிக்குமாறு செய்தனர். ரொட்டி, வெண்ணெய் போன்று பொருளால் நெருங்கிய சொற்கள் இணைந்து வரும்போது விடை விரைவாகக் கிடைத்தது. ஒரு சொல் மனத்தில் விழிப்புறும்போது அதனோடு தொடர்புடைய சொற்களும் விழிப்புறுகின்றன என்பதற்கு இது சான்றாயிற்று.

1979இல் ஸ்வின்னி இம்முறையைச் செவிக்கும் கண்ணுக்கும் இடையே அமைத்தார். பங்கேற்பாளர் ஒரு தொடரைக் கேட்டுக்கொண்டிருக்கையில் திரையில் ஓர் எழுத்துச்சொல் தோன்றும். பூச்சியையும் ஒட்டுக்கேட்கும் கருவியையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லொன்றைக் கேட்ட உடனே, சூழல் எதுவாயினும், இரு பொருளுக்கும் உரிய சொற்கள் விரைந்து அறியப்பட்டன. சிறிது இடைவெளிக்குப்பின் சூழலுக்குப் பொருந்திய சொல் மட்டுமே அப்பயனைப் பெற்றது. எனவே இலக்குச்சொல் தோன்றும் நேரமும் முடிவைத் தீர்மானிக்கும் காரணியாகும்.

ஒலிப்பு ஆய்வுக்கு இம்முறை ஏற்றதாக அமைவதற்குக் காரணமுண்டு. கேட்கும் சொல்லின் ஒலிப்பை வேண்டியவாறு மாற்றலாம். காணும் சொல்லோ மாறாதிருக்கும். ஒரே எழுத்துச்சொல்லை அறியும் நேரம் ஒலிப்புக்கேற்ப மாறுமாயின், அம்மாற்றம் கேட்ட ஒலியால் நேர்ந்தது எனத் துணியலாம்.

டச்சு மொழிச் சோதனை

இவ்வகையில் விட்டெமன், வெபர், மக்வீன் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஜெர்மானியர் பேசும் டச்சுச் சொற்களை டச்சு மொழியினர் கேட்டு, பின்னர் திரையில் தோன்றும் எழுத்துக்கோவை சொல்லா அல்லவா எனத் தீர்மானித்தனர். அயல் ஒலிப்பின் அளவுக்கேற்பச் சொற்கள் மிகுதி, இடைநிலை, குறைவு என மூவகையாகப் பகுக்கப்பட்டன. டச்சு மொழிக்கே உரிய ஈருயிரொலி ஒன்றை ‘ஒய்’ என்பதுபோல் ஒலிப்பது மிகுதி வகையைச் சார்ந்தது.

ஜெர்மானியரின் டச்சுப் பேச்சில் நெடும்பழக்கம் உடையோருக்கு மூவகைச் சொற்களும் முன்தூண்டலாக அமைந்தன. பழக்கம் குறைந்தோருக்கு இடைநிலை, குறைவு ஆகிய இருவகைகள் மட்டுமே துணைசெய்தன. மிகுதி வகை துணைசெய்யவில்லை. அதே ஒலி, அதே எழுத்து, அதே சொல். கேட்பவர் மட்டுமே வேறு. ஆகவே ஒலிப்பின் ‘கடுமை’ ஒலியில் மட்டும் உறைவதன்று என்பது தெளிவாகிறது.

இவ்வாய்வின் அடுத்த கட்டம் மேலும் நுட்பமானது. பழக்கம் குறைந்தோர் சோதனைக்கு முன் ஒரு சிறுகதையைக் கேட்டனர். சோதனையில் பேசுபவரே மிகுதி வகைச் சொற்களுடன் அக்கதையைக் கூறியபோது, கதையில் இடம்பெறாத புதிய மிகுதி வகைச் சொற்களும் சோதனையின் தொடக்கத்திலேயே முன்தூண்டலாயின. அவரே அவ்வகைச் சொற்களைத் தவிர்த்துக் கூறியபோதும், வேறொரு ஜெர்மானியர் அச்சொற்களுடன் கூறியபோதும் பயன் சோதனையின் பிற்பகுதியில்தான் தோன்றியது. கற்றுக்கொண்டது தனித்தனிச் சொற்களை அன்று, ஒலித்திரிபின் ஒழுங்கை என்பது இதனால் பெறப்படுகிறது.

கிளார்க், கேரட் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அரண்செய்கிறது. ஸ்பானிய, சீன ஒலிப்புடைய ஆங்கிலத் தொடர்களைக் கேட்டபின் தோன்றும் எழுத்துச்சொல்லுக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் விடையளித்தனர். தொடக்கத்தில் காணப்பட்ட தாமதம் ஒரு நிமிடப் பழக்கத்திற்குள் குறைந்தது. முதற்கேட்பில் தோன்றும் இடர்ப்பாட்டை நிலையான புரியாமையாகக் கொள்ளலாகாது என்பது இவ்விரு ஆய்வுகளின் பொது முடிபாகும்.

பேசுதல், அறிதல், சேமித்தல்

மேற்கண்டவை அயல்மொழியாளரின் ஒலிப்பைப் பற்றியன. ஒரே மொழிக்குள் நிலவும் வட்டார ஒலிப்பைச் சம்னர், சாமுவேல் ஆகியோரின் 2009ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துக்கொண்டது. நியூயார்க் நகரப் பேச்சின் ஒரு வகையில் சொல்லிறுதி ரகரம் ஒலிக்கப்படுவதில்லை. இவ்வாறு ரகரம் விடுத்துப் பேசும் நியூயார்க்கினர், அங்கேயே வளர்ந்தும் ரகரத்தை ஒலிப்போர், பொது அமெரிக்க ஒலிப்பினர் என மூன்று குழுவினர் ஒப்பிடப்பட்டனர்.

தாம் அவ்வாறு பேசாவிடினும் அப்பேச்சினிடையே வளர்ந்தோர், ரகரமற்ற வடிவத்தைக் கேட்ட மாத்திரத்தில் அதன் பொருளை எட்டினர். நெடுநேர நினைவைச் சோதித்தபோதோ அவ்வடிவம் அவர்களிடம் அதே வலிமையுடன் நிலைபெறவில்லை. ஒருவர் பேசும் முறை அவர் அறியும் முறையையும் சேமிக்கும் முறையையும் எப்போதும் காட்டுவதில்லை என்பது இவ்வாய்வாளர்களின் முடிபு. பேசுதல், அறிதல், சேமித்தல் என்னும் மூன்றும் தனித்தனியே ஆராயப்பட வேண்டியவை.

பழக்கம் மட்டுமே காரணமாயின், அரிதாகக் கேட்கும் ஒலிப்பு எதுவாயினும் ஒரே அளவில் இடர்தர வேண்டும். சம்னர், கத்தாவோகா ஆகியோரின் 2013ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தருகிறது. பொது அமெரிக்க ஒலிப்பினர்க்கு, ரகரம் விடுத்த பிரித்தானிய ஒலிப்புச் சொற்கள் பொருள்வழி முன்தூண்டலாயின. ரகரம் விடுத்த நியூயார்க் ஒலிப்புச் சொற்கள் ஆகவில்லை. இரண்டிலும் ரகரம் இல்லை. வேறுபாடு அவ்வொலிப்புகளுக்குச் சமூகம் வழங்கும் மதிப்பில் இருக்கிறது. மதிப்புடையதாகக் கருதப்படும் குரலுக்குச் செவி கூடுதல் கவனம் அளிக்கிறது எனலாம்.

ஒலியன் வேறுபாடு மறையுமிடம்

இதுகாறும் கண்டவை ஒரு சொல்லின் ஒலித்திரிபு அதே சொல்லைச் சென்று சேர்வது பற்றியன. ஒலித்திரிபு வேறொரு சொல்லின் வடிவத்தோடு ஒன்றிவிடும் நிலை தனியே நோக்கத்தக்கது. பாலியே, கொலோமே, செபஸ்தியான் ஆகியோர் 2001இல் காத்தலான், ஸ்பானியம் ஆகிய இருமொழியாளரைக் கேட்டல்வழிச் சோதித்தனர். காத்தலான் மொழியில் ஓரொலியால் மட்டும் வேறுபடும் இரு சொற்களை அடுத்தடுத்துக் கேட்டபோது, ஸ்பானியத்தை முதன்மை மொழியாகக் கொண்டோர் இரண்டாவதை முதற்சொல்லின் மறுவரவாகவே கையாண்டனர். காத்தலான் முதன்மையாளரிடம் இந்நிலை இல்லை. டுஃபூர், நுயென், ஃபிராவென்ஃபெல்டர் ஆகியோர் 2007இல் தென்பிரெஞ்சுப் பேச்சினரிடமும் இதனையொத்த முடிவைக் கண்டனர். தம் பேச்சில் இல்லாத எகர வகை வேறுபாட்டை அவர்கள் ஒலியொப்புச் சொற்களாகவே கொண்டனர்.

தமிழ்ச் சூழலுக்குரிய சோதனை வடிவம்

இம்முடிவுகள் தமிழின் ழகர ளகர மயக்கத்திற்கு நேரடியாகப் பொருந்துவன. தொல்காப்பியப் பிறப்பியல் ழகரத்தை ரகரத்தோடும், ளகரத்தை லகரத்தோடும் சேர்த்து அவற்றின் பிறப்பைக் கூறுகிறது. இக்காலப் பேச்சில் தென்மாவட்டத்தார் பலரிடம் ழகரம் ளகரமாகிறது. சென்னைப் பேச்சின் ஒரு வகையில் யகரமாகிறது. எழுத்தோ இம்மூன்றையும் வேறுபடுத்தியே காட்டுகிறது.

எனினும் மேலைச் சோதனை வடிவத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருதல் பொருந்தாது. எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையிலான தொலைவு தமிழில் இருபடித்தானது. ‘குழம்பு’ என்னும் சொல் இதனைத் தெளிவாக்கும். எழுத்தில் ‘குழம்பு’, பொதுப் பேச்சில் ‘கொழம்பு’, ழகரம் மயங்கும் வட்டாரப் பேச்சில் ‘கொளம்பு’. முதல் மாற்றமாகிய உகர ஒகரத் திரிபு இரட்டை வழக்கைச் சார்ந்தது; இரண்டாவதாகிய ழகர ளகரத் திரிபு வட்டாரத்தைச் சார்ந்தது. ‘கொளம்பு’ என்னும் ஒலியை எழுத்து வடிவோடு மட்டும் ஒப்பிட்டுத் தாமதம் கண்டால், அத்தாமதம் எத்திரிபால் நேர்ந்தது எனக் கூறவியலாது.

ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்தொலிப்பு, பொதுப்பேச்சு ஒலிப்பு, வட்டார ஒலிப்பு ஆகிய மூன்றும், ஒப்பீட்டுக்காகத் தொடர்பில்லாத ஒரு சொல்லும் முன்தூண்டிகளாக அமைதல் வேண்டும். முதலிரண்டின் ஒப்பீடு இரட்டை வழக்கின் விளைவையும், பின்னிரண்டு ஒலிப்புகளின் ஒப்பீடு வட்டாரத்தின் விளைவையும் தரும். இலக்குச்சொற்கள் மூவகையாக அமையலாம். ‘குழம்பு’ என்பது உரிய சொல். கால்நடையின் பாதத்தைக் குறிக்கும் ‘குளம்பு’ என்பது போட்டிச்சொல். ‘சோறு’ என்பது பொருள்தொடர்புச் சொல். வடிவ ஒப்புமை ஏதுமில்லாத ‘சோறு’ விரைந்து அறியப்படின், கேட்டவர் பொருளை எட்டிவிட்டார் என்பது உறுதியாகும்.

போட்டிச்சொல்லில் மற்றொரு கட்டுப்பாடு தேவை. ‘குழம்பு’ அன்றாடச் சொல். ‘குளம்பு’ அருகிய வழக்கினது. ஆதலால் ‘வாழை, வாளை’, ‘விழி, விளி’, ‘கழி, களி’ போன்ற இணைகளையும் சேர்த்து, பயில்நிலை வேறுபாடு முடிவைத் திரிக்காதவாறு சமன்செய்ய வேண்டும். இலக்குச்சொல் ஒலி முடிந்த உடனே தோன்றும் நிலை, சிறிது இடைவெளிக்குப்பின் தோன்றும் நிலை ஆகிய இரண்டையும் வைத்தால், போட்டிச்சொல் எழுந்து அடங்குகிறதா அன்றி நிலைக்கிறதா என்பது புலப்படும்.

பங்கேற்பாளர் தேர்வில் நியூயார்க் ஆய்வின் முக்குழுப் பகுப்பு வழிகாட்டும். ழகரத்தை வேறுபடுத்தி ஒலிப்போர், மயங்கி ஒலிப்போர், மயங்கி ஒலிப்பவரிடையே வளர்ந்தும் தாம் வேறுபடுத்துவோர் ஆகிய மூவரும் இடம்பெறுதல் வேண்டும். பிறப்பிடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுதல் போதாது. ஒவ்வொருவரின் ஒலிப்பும் பதிவுசெய்யப்பட வேண்டும்.

பிரெஞ்சு முடிவை நோக்க, மயங்கி ஒலிப்போருக்கு ‘குழம்பு’, ‘குளம்பு’ இரண்டும் ஒருங்கே விழிப்புறலாம். ஆயினும் அச்சோதனை கேட்டல்வழிப்பட்டது. தமிழ்ச் சோதனையில் இலக்கு எழுத்தாகத் தோன்றுவதால், பள்ளியில் பெற்ற எழுத்தறிவு அம்மயக்கத்தை விலக்கவும் கூடும். செவியால் பிரியாத இரு சொற்களைக் கண் பிரித்துவைத்திருக்கிறதா என்பதே இங்கு விடைகாண வேண்டிய வினாவாகும்.

இவ்வினா வகுப்பறையோடும் தொடர்புடையது. ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என எழுதும் மாணவர் சொல்லை அறியாதவர் அல்லர்; பொருளை முழுமையாக எட்டி, வரிவடிவத் தேர்வில் மட்டும் தடுமாறுபவராக இருக்கலாம். அவ்வாறாயின் அவருக்குத் தேவைப்படுவது எழுத்துப் பயிற்சி; நாவைத் திருத்தும் கண்டிப்பன்று. இவ்விரண்டையும் பிரித்தறியச் சோதனைவழிச் சான்று துணைநிற்கும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வுகளால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. கேட்ட சொல் எழுத்துச்சொல்லை விரைவுபடுத்துவது ஒலித்திரிபின் அளவையும் கேட்போரின் பழக்கத்தையும் ஒருங்கே சார்ந்துள்ளது.

2. பழக்கமின்மையால் நேரும் தாமதம் குறுகிய கேட்புப் பயிற்சியாலேயே குறையக்கூடியது.

3. பேசும் முறையைக் கொண்டு அறியும் முறையைத் தீர்மானித்தல் கூடாது. சமூக மதிப்பும் சொல் அறிதலில் பங்குபெறுகிறது.

4. தமிழில் இரட்டை வழக்கின் விளைவும் வட்டார ஒலிப்பின் விளைவும் தனித்தனியே அளக்கப்படும்போதே முடிவுகள் நம்பகமாகும்.

வட்டார ஒலிப்பைப் பிழையென வகைப்படுத்தும் தீர்ப்புகள் பேசுவோரை மட்டுமே நோக்கி எழுபவை. முன்தூண்டல் சோதனைகளோ கேட்போரையும் அளவைக்கு உட்படுத்துகின்றன. புரியவில்லை எனும்போது ஆராயப்பட வேண்டியவை பேசிய நா மட்டுமன்று, கேட்ட செவியும் ஆகும்.