எரிமலை நம்ம ஊருக்கு வருமா?

கேழ்வரகுக் கூழ் கொதிக்கும்போது பிள்ளையை எட்ட நிறுத்திக் காட்டுங்கள். குமிழி மெல்ல உப்பி, ‘பொளக்’கென்று வெடித்துத் தெறிக்கும். பூமிக்கடியில் பாறைக்குழம்பையும் வாயு இப்படித்தான் முட்டித் தள்ளுகிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் வெட்டும் கறுப்பு கிரானைட், பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் விரிசலில் ஏறி உறைந்த குழம்புதான். ஒரு துண்டைக் கையில் கொடுங்கள். “இங்கேயும் வெடிக்குமா?” என்று பயந்தால், இந்தியாவில் குமுறும் எரிமலை அந்தமானின் பாரன் தீவில் மட்டும்தான் என்று சொல்லுங்கள்.

எரிமலையைவிட நம் பிள்ளைகளுக்கு அவசியம் வெள்ளம், இடி பற்றிய பாடம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில், ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வண்டிகளையே தண்ணீர் இழுத்துப் போனது. ஓடும் தண்ணீர் கணுக்கால் அளவென்றாலும் இறங்கக்கூடாது. இடி கேட்டால் மாமரத்தடியில் ஒதுங்காமல் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். வெயில் நாளிலேயே இரண்டு முறை விளையாட்டாக வீட்டுக்குள் ஓடிவரப் பழக்குங்கள்.